லைனிங் இல்லாத கோட்டு

2025 ஜூன் 14, சனிக்கிழமை காலை, மும்பையில் செம்பூர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, மூடிப்போன ஓர் அச்சகத்தின் மேல்தளத்தில் 'காஜா' பத்திரிகையின் ஆறாவது இதழுக்கான அட்டைப் படப்பிடிப்பு தொடங்கியது.

பத்திரிகையின் ஆசிரியர் சாதனா. மாட்டுங்காவில் அப்பா அம்மாவோடு அவள் இருக்கும் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். அதற்கு முன் பெரிய ஃபேஷன் பத்திரிகை ஒன்றில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். எந்த நடிகை எந்த விமான நிலையத்தில் என்ன உடுத்திக்கொண்டு இறங்கினாள் என்று எழுதி எழுதிச் சலித்துப்போய், ஒரு தீபாவளிக்கு மறுநாள் ராஜினாமா செய்தாள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே மேஜையின் ஒரு பக்கத்தைக் காலி செய்து கொடுத்தார்.

காஜா என்பது பொத்தான் நுழையும் துளைக்குத் தையல்காரர்கள் சொல்லும் பெயர். வருடத்துக்கு இரண்டு இதழ். விளம்பரம் கொடுப்பவர்கள் நீட்டும் உடுப்புக்கு அதில் இடம் கிடையாது. இப்போதுதான் கல்லூரியை முடித்தவர்கள், முதல் கடையைத் திறக்கத் தடுமாறுகிறவர்கள், பெயர் சொன்னால் யாரென்று கேட்கப்படுகிறவர்கள், இவர்களுக்கான பத்திரிகை அது. ஜூலை இதழ் முழுக்கவும் அந்த வருடத்துப் பட்டதாரிகளுக்கு. அதன் அட்டையில் யாருடைய உடுப்பு வருகிறதோ அவர்களைத் தேடிக் கடைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதல் ஜூலை இதழில் வந்த பெண் இன்று கொச்சியில் சொந்தக் கடை வைத்திருக்கிறாள். இந்தச் செய்தியை ஒருவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தும் சாதனா சொல்லாமல் விட்டதாக வரலாறு இல்லை.

'காஜா'வுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உடுப்பானாலும் முதலில் அதைப் புரட்டி, உள்பக்கத்தை மேஜைமேல் விரித்துப் படமெடுப்பார்கள். மாடல் அணிந்த படம் அப்புறம்தான். தையல் எங்கே மடிகிறது, நூல் எங்கே முடிகிறது, எதைக் கொண்டு எதை மறைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும். அந்தப் படங்களில் கணினியை வைத்து ஒரு புள்ளியைக்கூட அழிப்பதில்லை என்பது முதல் இதழிலேயே அச்சிட்டுச் சொன்ன வாக்கு.

அன்றைக்கு மேஜைக்கு வந்தது ஒரு தோல் கோட்டு. தைத்தவள் விஜயலட்சுமி, தாராவிப் பெண், வயது இருபத்துமூன்று. அவளுடைய அப்பா பூலோகத்துக்கு அங்கே கைப்பையும் ஜாக்கெட்டும் தைக்கிற சின்னப் பட்டறை, அங்கே சொல்வதுபோல் கார்கானா, இருந்தது. கைப்பைக்கு வெட்டியபின் மிஞ்சும் ஆட்டுத்தோல் துண்டுகளைச் சேர்த்து விஜயலட்சுமி முழங்கால்வரை நீளும் கோட்டு ஒன்றைத் தன் இறுதியாண்டுக்காகத் தைத்திருந்தாள். அதில் லைனிங் (கார்கானாவில் அஸ்தர் என்பார்கள்) கிடையாது. ஒவ்வொரு இணைப்பும் மடித்து, ஒட்டி, மறுபடி தைத்து, உள்ளேயும் வெளியே போலவே இருந்தது.

மே மாதம் கல்லூரிக் கண்காட்சியில் சாதனா அதைப் பார்த்தபோது, நடுவர் ஒருவர் விஜயலட்சுமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்பாவுக்குக் கார்கானா இருக்கு இல்லையா? இதை யார் தைத்தார்கள்?" நான்தான் என்றாள் அவள். நடுவர் சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பரிசும் அடுத்த மேஜைக்கே போனது. அன்று மாலையே சாதனா அட்டையை முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் கோட்டைத்தான் இப்போது நகுல் உறையிலிருந்து எடுத்துப் புரட்டினான். நகுல் முலுண்டிலிருந்து வரும் புகைப்படக்காரன். சாதனாவோடு முதல் இதழிலிருந்து இருப்பவன். புரட்டிய கை அப்படியே நின்றது.

"சாதனா, இங்க கொஞ்சம் வா. இது என்னன்னு பாரு."

கழுத்துக்குக் கீழே, உள்பக்கத்தில், கறுப்புப் பட்டில் தங்க இழையால் ஓர் இத்தாலியப் பெயர் நெய்யப்பட்ட லேபிள். நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்திருந்தது. உலகத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்த பெயர்.

"போன மாசம் நான் பார்த்தப்போ இது இல்லையே" என்றாள் சாதனா.

மாடலுக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்த மூலையிலிருந்து விஜயலட்சுமி வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நான் வைக்கலக்கா."

"பின்னே?"

நகுல் சாதனாவைச் சற்று அப்பால் இழுத்துப்போய், குரலைத் தாழ்த்தி, பாதி ஹிந்தியில் சொன்னான்: "அரே யார், எனக்கு இது சரியாப் படல. கோட்டே வெளியில வாங்கினதா இருந்தா? நம்ம உள்பக்கத்தை ஜூம் பண்ணிப் பாக்கறதுக்குன்னே நாலு பேர் இருக்கா. ஒரே நாள்ல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவா."

"அண்ணா" என்றாள் விஜயலட்சுமி அங்கிருந்தபடியே. "எனக்குத் தமிழும் தெரியும், ஹிந்தியும் தெரியும். இங்கிலீஷ்ல பேசினாலும் விளங்கும். சத்தமாவே கேளுங்க."

நகுலுக்குக் காது சிவந்தது. "ஸாரிம்மா. கேக்க வேண்டியது என் வேலை."

"கேட்டாச்சுல்ல? நான் வாங்கல. நான்தான் தச்சேன்." கோட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அட்டைப்படத்துல இருந்து எடுத்துருங்கக்கா. நான் போறேன்."

"லேபிளை யார் தச்சா, அதை மட்டும் சொல்லு" என்றாள் சாதனா.

"வீட்டுல."

"வீட்டுல யாரு?"

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் பொதுவாக நிறையப் பேசுவார்கள் என்பது சாதனாவின் அனுபவம். இவள் எதையோ காப்பாற்றுகிறாள். எதை என்று தெரியாமல் அட்டையில் போட முடியாது. தெரிந்துகொள்ளாமல் அட்டையிலிருந்து எடுப்பதும் அந்த நடுவர் செய்ததையே தானும் செய்வதாகும். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டும்.

"நகுல், வெளிப்பக்கத்தை எடுத்து முடி. மாடல் காத்துண்டிருக்கா. இந்த இதழ்ல வர்ற அந்த ஜூஹு பையனோட சட்டைப் படத்தையும் கவர் அளவுக்குத் தயார் பண்ணி வை."

விஜயலட்சுமி அதைக் கேட்டாள். கோட்டை மறுபடி விரித்து, மாடலுக்குத் தானே அணிவித்து, தோள்பட்டையைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் கோட்டு அழகாக இருந்தது.

படம் முடிந்ததும் சாதனா கோட்டை உறையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டாள். "வா, போகலாம்."

"எங்கக்கா?"

"உங்க வீட்டுக்கு."

"வீட்டுல யாரும் இருக்கமாட்டாவ. கார்கானாவுலதான்."

டாக்ஸி சயானைத் தாண்டியது. மழை பிடித்துக்கொண்டது. விஜயலட்சுமி உறையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, நனையாமல் துப்பட்டாவால் மூடினாள். பிறகு தானாகவே சொன்னாள்:

"மழை ஆரம்பிச்சதும் கோட்டுல வெள்ளையாப் பூஞ்சை வச்சிருச்சி. சித்தப்பாட்ட குடுத்தேன். துடைச்சு, மெழுகு போட்டு, காலையில உறையோட குடுத்தாவ. நான் பிரிச்சுப் பாக்கல. பாக்காதது என் தப்பு."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அந்த லேபிள் எப்படி எங்ககிட்ட வந்துச்சின்னு கேப்பீங்க."

சாதனா கேட்கவில்லை.

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, பிசின் வாடை அடிக்கும் இரும்பு ஏணியில் ஏறினார்கள். மேலே தாழ்வான ஓர் அறை. மூன்று மிஷின்கள், சுவரெல்லாம் அட்டையில் வெட்டிய மாதிரிகள், மூலையில் சுருட்டி நிறுத்திய தோல்கள். ஒரு மிஷினில் பூலோகம். தரையில் உட்கார்ந்து பைகளுக்கு நூல் முனை கத்தரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி மாரீஸ்வரன். அவர்களைப் பார்த்ததும் மாரீஸ்வரன் துள்ளி எழுந்தார்.

"வாங்க மேடம், வாங்க! இந்தப் பேன் காத்துல இரிங்க. போட்டோ எடுத்தாச்சா? எப்படி இருந்துச்சி?" விஜயலட்சுமியின் கையிலிருந்த உறையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தீயளா, உள்ள?"

"பாத்தோம்" என்றாள் சாதனா.

"அதான் கேக்கேன்! சொல்லாம வச்சேன். புள்ளைக்கே தெரியாது."

"சித்தப்பா!" விஜயலட்சுமியின் குரல் உடைந்தது. "ஏன் சித்தப்பா அத வச்சீய? அத வச்சா இது நான் தச்சதுன்னு எவன் நம்புவான்? திருட்டு மால்னு சொல்லுதாங்க!"

"திருட்டா? எது திருட்டு?" மாரீஸ்வரன் நிஜமாகவே திகைத்தார். "அந்தக் கம்பெனிக்கு ரெண்டு சீசன் கோட்டு தச்சது யாரு? நாமதான தச்சோம்? இதே மிஷின்ல. ஏஜெண்டு குடுத்த லேபிள் ரோல்ல கடைசியில கொஞ்சம் மிஞ்சிச்சி. நல்ல காரியத்துக்கு ஆகும்னு பத்திரமா வச்சிருந்தேன். ஒனக்கு வைக்காம வேற எவனுக்கு வைக்க?"

"ஏல மாரி" என்றார் பூலோகம். மிஷின் நின்றுவிட்டது. "அத நீயா வச்ச? கூறுகெட்டவனே, வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துல்லா போட்டுக் குடுத்துருக்கு."

"நான் என்ன மைக் போட்டா சொன்னேன்? கோட்டுக்குள்ளதான வச்சேன்?"

"இவங்க உள்பக்கத்ததான் படம் எடுப்பாங்க சித்தப்பா!"

மாரீஸ்வரன் சாதனாவைத் திரும்பிப் பார்த்தார். உடுப்பின் உள்பக்கத்தைப் படமெடுக்கும் ஒரு பத்திரிகை உலகத்தில் இருக்க முடியும் என்பதை அவர் முகம் நம்ப மறுத்தது.

"எதுக்கு மேடம்?"

"அங்கதான் தச்சவங்க தெரிவாங்க" என்றாள் சாதனா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான்" என்றார். பிறகு விஜயலட்சுமியைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு, "ஏட்டி, ஒனக்கு ஏன் காலேஜுல பரிசு குடுக்கல? நான் ரொம்ப யோசிச்சேன். இங்கேருந்து லேபிள் இல்லாம எது வெளிய போவும்? ஒண்ணு சாம்பிள். இல்லன்னா ரிஜெக்டு. லேபிள் இல்லாத கோட்டத் தூக்கிட்டுப் போனா, அவன் ரிஜெக்டுன்னுதான நெனப்பான்? அதான் இந்தத் தடவ விடக்கூடாதுன்னு, இருக்கதுலயே ஒசந்த லேபிளா வச்சேன்."

விஜயலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சாதனாவுக்குத் தெரியவில்லை; இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

சாதனா கோட்டை எடுத்து வெட்டு மேஜையில் விரித்தாள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை அவள் பூலோகத்திடம் கேட்டாள்.

"இதுல நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு தச்சீங்க? மறைக்காமச் சொல்லுங்க. நான் எழுதணும்."

பூலோகம் சிரித்தார். மாரீஸ்வரன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

"நாங்க தச்சிருந்தா இப்படித் தைப்போமா மேடம்?" என்றார் பூலோகம். "இங்க பாருங்க, ஒவ்வொரு மடிப்பையும் திருப்பித் திருப்பித் தச்சிருக்கா. இவ்வளவு நேரம் ஒரு பீஸ்ல உக்காந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியுமா? பத்து தடவ சொன்னேன், அஸ்தர் வச்சு மூடிருட்டி, உள்ள எவன் பாக்கப் போறான்னு. கேக்கல. 'எப்பா, நீங்க கம்முனு இருங்க'ன்னுட்டா."

"அடிச்சு வெரட்டாத கொறதான்" என்றார் மாரீஸ்வரன். "மிஷின் கிட்டயே வர விடல எங்கள. மெழுகு போட மட்டும்தான் என்ன நம்பிக் குடுத்தா. அதுலயும் நான் இப்படிப் பண்ணிட்டேன்."

சாதனா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கல்லூரி நடுவரின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் கிடைக்காது.

விஜயலட்சுமி பிளேடை எடுத்தாள். லேபிளின் ஓரத்தில் நூலைத் தூக்கி, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். மாரீஸ்வரன் நன்றாகத்தான் தைத்திருந்தார்; வெகுநேரம் பிடித்தது. லேபிள் கையோடு வந்தபோது தோலில் அதன் அளவுக்கு ஒரு கட்டம் நின்றது. நான்கு பக்கமும் வரிசையாக ஊசித் துளைகள்.

சாதனா விரலால் தடவிப் பார்த்தாள். "இது போயிடுமா?"

"துணின்னா தண்ணி தெளிச்சுத் தேய்க்கலாம்" என்றாள் விஜயலட்சுமி. "தோல்ல விழுந்தா விழுந்ததுதாங்க்கா."

"அதே அளவுல ஒரு துண்டு வச்சு மூடிருவோம்" என்றார் மாரீஸ்வரன் அவசரமாக. "கலர் தெரியாமப் பண்ணித் தாரேன். ஒரு மணி நேரம் குடு."

"மூட வேண்டாம் சித்தப்பா. மூடறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான நான் லைனிங்கே வைக்கல."

சாதனா துளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செம்பூரில் எடுத்த படம் அழகாக வந்திருக்கும். எந்தப் பெரிய பத்திரிகையும் அதை அட்டையில் போடும். ஆனால் அந்தக் கோட்டு யாருடையது என்று கேட்டவர்களுக்கு அந்தப் படத்தில் பதில் இருக்காது. அவள் நிமிர்ந்தாள்.

"விஜி, இதை இப்படியே கவரா போட்டா? உள்பக்கம், இந்தத் துளையோட. என்ன நடந்ததுன்னு நீயே எழுதணும். உன் வார்த்தையில."

விஜயலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். செம்பூரில் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது எது என்பது அந்தப் பார்வையில் சாதனாவுக்குத் தெளிவாகிவிட்டது. இதில் போகக் கூடியது அவளுடைய அட்டைப்படம் மட்டுமல்ல, அவருக்கு வரும் வேலையும்கூட.

பூலோகம் எழுந்து வந்து மேஜையருகே நின்றார். "அந்தக் கம்பெனி பேரு வருமா மேடம்?"

"வராது. லேபிளும் வராது. வேற பேர் போட்ட லேபிள்னு மட்டும்தான் இருக்கும்."

"அவன் கண்டுபிடிச்சு வேலைய நிறுத்திட்டான்னா?"

சாதனா பொய் சொல்லவில்லை. "பேர் இல்லாம கண்டுபிடிக்கறது கஷ்டம். ஆனா மாட்டான்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. நீங்க வேண்டாம்னா இது இங்கயே முடிஞ்சுது. வேற கவர் தயாரா இருக்கு."

"நீங்க சொல்லுதபடி கேக்கேன்ப்பா" என்றாள் விஜயலட்சுமி. "நெசமாத்தான் சொல்லுதேன்."

அவர் கோட்டின் கைப்பகுதியைப் புரட்டிப் பார்த்தார். ஒரு மடிப்பை நகத்தால் கீறினார். அது பிரியவில்லை. இன்னொன்றையும் கீறிப் பார்த்தார்.

"இந்த மாடியிலேருந்து போன பீஸ் பூராத்துலயும் எவன் பேராவதுதான் இருந்துச்சி" என்றார். "நம்ம பேரப் போட்டா எவனும் வாங்கமாட்டாம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஒருத்தன்ட்டயும் கேட்டுப் பாத்ததில்ல." மகளைப் பார்த்தார். "இவ தச்ச மாதிரி எனக்குத் தைக்க வராது. பொறும கெடையாது. இதுக்கு இவ பேருதான் இருக்கணும். எழுதச் சொல்லுங்க."

"வேலை நின்னா?" என்றார் மாரீஸ்வரன்.

"நின்னா வேற ஏஜெண்டு. நமக்கு என்ன கையி போயிருச்சா?"

"கார்கானா பேர் என்ன? கிரெடிட்ல போடணும்" என்றாள் சாதனா.

சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேருன்னு ஒண்ணும் கெடையாதே. இங்க எல்லாரும் பூலோகம் மாடின்னு சொல்லுவாவ."

"அப்போ அதுதான்."

"எம்பேரு?" என்றார் மாரீஸ்வரன்.

"உங்களுக்கா?" விஜயலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க செஞ்ச வேலைக்குப் போடச் சொல்லுதேன். கட்டாயம் போடணும்க்கா."

சாதனா ஏணியிலிருந்து இறங்கிச் சந்தில் நின்றபடி நகுலைக் கூப்பிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அவன். "முகமே இல்லாத கவரா? எவன் கையில எடுப்பான்? எனக்கு இன்னிக்கு வந்திருக்கிற படத்தைப் பாத்தா நீ இப்படிப் பேசமாட்டே."

"அதை உள்ளே முழுப்பக்கம் போடறேன். நாளைக்குக் காலையில மாட்டுங்கா வந்துடு. ஜன்னல் வெளிச்சம் போதும்."

"இட்லி உண்டா?"

"அம்மாகிட்ட சொல்றேன்."

"அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு" என்றான் நகுல். "நான் பேசினது சரியில்லை. நேர்ல சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஜன்னலருகே நகர்த்தி, அதன்மேல் கோட்டைப் புரட்டிப் போட்டார்கள். நகுல் மன்னிப்புக் கேட்டான். விஜயலட்சுமி அவனை நிழல் விழாத பக்கமாக நகர்ந்து நிற்கச் சொன்னாள். சாதனாவின் அப்பா செய்தித்தாளோடு வந்து, துளைகளைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். விஜயலட்சுமி முழுக் கதையையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, சித்தப்பாவை ஒரு நாள் அழைத்து வரும்படி சொன்னார். அதற்குள் நகுல் நாற்பது படம் எடுத்திருந்தான்.

விஜயலட்சுமி எழுதியது அரைப்பக்கம். சாதனா அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினாள்.

'காஜா'வின் ஆறாவது இதழ் ஜூலை 12 அன்று வெளிவந்தது. அட்டையில் கோட்டின் உள்பக்கமும் நாலு வரிசைத் துளைகளும் இருந்தன. கீழே, வடிவமைப்பு, வெட்டு, தையல்: விஜயலட்சுமி பூலோகம். இடம்: பூலோகம் மாடி, தாராவி. மெழுகு, நீக்கப்பட்ட லேபிள்: மாரீஸ்வரன். கல்லூரி எதுவும் சொல்லவில்லை. ஏஜெண்டு பூலோகத்துக்கு வேலை கொடுப்பதை ஒரு மாதம் நிறுத்திவைத்தான், காரணம் சொல்லவில்லை, பிறகு மறுபடி கொடுத்தான். ஆகஸ்டில் இதழ் விற்றுத் தீர்ந்தது. செப்டம்பரில் பெங்களூரில் ஒரு கடை விஜயலட்சுமியிடம் எட்டுக் கோட்டுகள் கேட்டது, அவள் பெயரிலேயே. தீபாவளிக்கு முந்தைய வாரம் அவை தாராவியிலிருந்து கூரியரில் போயின.